மலைக்கு நிறபேதம் இல்லை

அரசியல் பேசும் பத்திரிகைக்குச் சைக்கிளோடு என்ன சம்பந்தம் என்று நம் அன்பர் ஒருவர் கேட்டார். வரி, சட்டம், தேர்தல், தொழிலாளர் கூலி முதலிய விஷயங்கள் குவிந்து கிடக்க, காட்டு மலைகளில் சரளைக்கல் பாதை வழியே சைக்கிள் ஏறிச் செல்லும் வினோதத்தைப் பற்றி எழுதப் போகிறோம் என்று சொன்னதும், அவர் முகத்தில் தோன்றிய ஏமாற்றத்தை நாம் கவனிக்காமல் இல்லை. அன்பர் சற்றுப் பொறுக்க வேண்டும். ஒரு தேசத்தின் நீதி எத்தன்மையது என்று அறிய அதன் சட்டப் புத்தகங்களைப் புரட்டினால் மட்டும் போதாது. அத்தேசத்துப் பாதைகளில் யார் யார் எவ்விதம் பிரயாணம் செய்தார்கள், பிரயாணம் முடிந்தபின் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் விசாரித்தறிய வேண்டும்.

இக்காலத்தில் மேல்நாடுகளில் ‘கிராவல் சைக்கிள்’ என்றொரு வண்டி பிரசித்தமாயிருக்கிறது. பார்வைக்குப் பந்தய சைக்கிளைப் போலவே வளைந்த கைப்பிடி உடையது. ஆனால் டயர் 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலமானது. காற்றைக் குறைவாக அடைத்து ஓட்டுவதால், கூரிய கல்லின்மேல் ஏறும்போது டயர் எகிறாமல் கல்லைத் தழுவிக்கொண்டு செல்லும். மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரமும் ஏறக்குறைய ஒரே சுற்றுச் சுற்றும்படியான தணிந்த கியர் உண்டு. மழையிலும் சேற்றிலும் பிடிக்கக்கூடிய தட்டு பிரேக் உண்டு. தார் ரோடு முடிந்து, கப்பிக்கல்லும் மரவேர்களும் மழைநீர் அரித்த பள்ளங்களும் தொடங்கும் இடத்தில்தான் இவ்வண்டிக்கு வேலையே ஆரம்பமாகிறது. 2022-ம் வருஷத்தில் இதற்கென முதல் உலக சாம்பியன் பந்தயம் இத்தாலியில் நடைபெற்றது. ஆயினும் இவ்வண்டியின் உண்மையான சுகம் பந்தயத்தில் இல்லை. மலையடிவாரத்துக் காட்டில் புகுந்து, வளைவுக்கு மேல் வளைவாக ஏறிக் கணவாயை அடைந்து, மறுபுறத்துப் பள்ளத்தாக்கை ஒரு கணம் நின்று பார்ப்பதிலேதான் இருக்கிறது.

இத்தகைய பிரயாணத்துக்குப் பேர்போன வழிகளுள் ஒன்று அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் உள்ளது. அம்மலைத்தொடரின் முதுகெலும்பு போன்ற முகட்டில் பெய்யும் மழை, ஒருபுறம் பசிபிக் சமுத்திரத்தையும் மறுபுறம் அட்லாண்டிக் சமுத்திரத்தையும் நோக்கிப் பிரிந்து ஓடுகிறது. அந்த நீர்ப்பிரிவு முகட்டைத் திரும்பத் திரும்பக் கடந்து, கானடாவிலிருந்து மெக்ஸிகோ எல்லை வரையில் 2,500 மைலுக்கு மேற்பட்டதாய், பெரும்பாலும் மண்ணும் சரளையுமான ஒரு சைக்கிள் வழியை 1990-களில் வகுத்துத் தந்தது ஒரு பிரயாணிகள் சங்கம். அது மாண்டானா ராஜ்யத்து மிசூலா நகரத்திலிருந்து வேலை செய்த சங்கம். இவ்வழியே செல்வதற்காக உலகெங்குமிருந்து வாலிபரும் நடுவயதினரும் வருகிறார்கள். பைன் மரக் காடுகளில் கூடாரமடித்துத் தங்குகிறார்கள்; கரடிக்கு எட்டாதபடி உணவு மூட்டையை மரத்தில் கட்டித் தொங்கவிடுகிறார்கள்; நாளுக்கு இத்தனை மைல் சென்றோம் என்று பெருமையோடு குறித்து வைக்கிறார்கள். பெருமைக்குரிய காரியமே. அதை நாம் பரிகசிக்கவில்லை.

பரிகசிக்க நமக்கு யோக்கியதையும் இல்லை. நாற்பது வயதைத் தாண்டியபின் மலைப்பாதை ஒன்றில் சைக்கிள் ஏறிப் பார்த்து, பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தவர் நாம். கோர்ட்டில் வாதாடிப் பழகிய நாக்கு அங்கே ஒரு பிரயோஜனமும் செய்யவில்லை. உருளுகின்ற கல்லின்மேல் எழுந்து நின்று மிதித்தால், பின்சக்கரத்தின்மேல் பாரம் குறைந்து சக்கரம் வெறுமனே சுழல்கிறது. உட்கார்ந்தபடியே, மூச்சை அடக்காமல், ஒரே நிதானமாக மிதித்தால்தான் வண்டி ஏறுகிறது. இறக்கத்தில் வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் பிடித்தவன் விழுகிறான். வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணித்தவன் தப்புகிறான். இதில் சிபாரிசு இல்லை, லஞ்சம் இல்லை, குலம் கோத்திரம் இல்லை. மலை எல்லோரிடமும் ஒரே வரியை வசூலிக்கிறது. இந்தச் சமத்துவத்தை உடம்பினால் அறிந்துகொள்வதே இவ்விளையாட்டின் முதற் பயன் என்று நாம் கருதுகிறோம்.

ஆனால் முன்னாளில் இந்த மிசூலாவிலிருந்து மலைகளைத் தாண்டிச் சைக்கிளில் சென்ற ஒரு கூட்டத்தார் விளையாட்டுக்காகச் செல்லவில்லை. சிப்பாய்களாக உத்தரவின்மேல் சென்றார்கள். அவர்கள் கறுப்பு மக்கள். அவர்களுடைய கதையை நம் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும்.

அக்காலத்து அமெரிக்க ராணுவத்தில் கறுப்பு மக்களுக்கெனத் தனியே நான்கு படைகள் இருந்தன. சிப்பாய்கள் கறுப்பர், அதிகாரிகள் அநேகமாக வெள்ளையர். அவற்றுள் ஒன்றான 25-வது காலாட்படையின் ஒரு பகுதி மிசூலாக் கோட்டையில் தங்கியிருந்தது. குதிரைக்குப் பதிலாகச் சைக்கிள் உதவுமா என்று பரீட்சை செய்துபார்க்க, ஜேம்ஸ் மாஸ் என்னும் இளம் லெப்டினெண்ட் 1896-ம் வருஷத்தில் அனுமதி பெற்றார். வண்டிகளை ஸ்பால்டிங் கம்பெனியார் அளித்தனர். அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில் எட்டுச் சிப்பாய்கள் முதலில் மிஷன் மலையடிவாரத்து ஏரி ஒன்றுக்கு மழையிலும் சேற்றிலும் போய் மீண்டனர். பின்னர் நீர்ப்பிரிவு முகட்டைக் கடந்து, 1872-ல் தேசியப் பூங்காவாக ஏற்படுத்தப்பட்ட யெல்லோஸ்டோனுக்குச் சென்று திரும்பினர். போக வர ஏறத்தாழ 800 மைல். அங்கே வெந்நீரூற்றுப் படிந்து உண்டான வெண்பாறைத் திட்டின்மேல் அவர்கள் சைக்கிளும் கையுமாக நிற்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது.

மறு வருஷம் பரீட்சை கடுமையாயிற்று. 1897 ஜூன் 14-ந் தேதி விடியற்காலையில் இருபது சிப்பாய்கள், லெப்டினெண்ட் மாஸ், ஒரு டாக்டர், ஒரு பத்திரிகை நிருபர் ஆகியோர் மிசூலாவிலிருந்து ஸெயிண்ட் லூயி நகரத்துக்குப் புறப்பட்டனர். தூரம் 1,900 மைல். வண்டியோடு போர்வை, கூடாரத் துணி, உணவு, பாத்திரம் எல்லாம் சேர்ந்து ஒவ்வொருவன் பாரமும் ஏறத்தாழ 59 ராத்தல். அதற்கு மேல் துப்பாக்கியும் 50 தோட்டாக்களும். கியர் மாற்றும் வசதி கிடையாது. இன்றைய கிராவல் சைக்கிள்காரர் எந்தக் கருவியின் உதவியால் மலையேறுகிறாரோ, அக்கருவி அவர்களிடம் இல்லை. மிதித்து ஏற முடியாத இடத்தில் தள்ளினார்கள். தள்ள முடியாத இடத்தில் தூக்கினார்கள்.

ஆரம்பத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. அந்நாட்டுக் களிமண் நனைந்தால் பசைபோலாகிவிடும். சில கஜ தூரம் உருண்டதும் டயருக்கும் கவட்டைக் கம்பிக்கும் இடையே மண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். இறங்கிக் கையால் வழித்தெறிந்து மறுபடி புறப்பட வேண்டும். ஹெலினா நகரத்துக்கு மேற்கே அவர்கள் முகட்டைக் கடந்தபோது, அது ஜூன் மாதமாயிருந்தும், மலையில் பனி. பாதை அடியோடு உதவாத இடங்களில் ரெயில் தண்டவாளத்தின் நடுவே, கட்டைக்குக் கட்டை குலுங்கிக்கொண்டு சென்றனர். 1876-ல் பிரசித்தமான யுத்தம் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் வெளியைத் தாண்டி, வயோமிங் ராஜ்யத்தைக் கடந்து, நெப்ராஸ்கா மணற்குன்றுகளை அடைந்தார்கள். மலையில் குளிரால் வாடியவர்கள் அங்கே வெயிலால் வெந்தார்கள், உவர் நீரைக் குடித்துப் பலர் நோயுற்றார்கள், மாஸும் நோயுற்றார். மிசூரி ராஜ்யத்தில் பண்ணைக்காரர் சிலர் கறுப்புச் சிப்பாய்களுக்குக் கூடாரமடிக்க இடம் தர மறுத்தனர். மலை மறுக்காத வழியை மனிதன் மறுத்தான்!

41-ம் நாள், ஜூலை 24-ந் தேதி, அவர்கள் ஸெயிண்ட் லூயி நகரத்தினுள் பிரவேசித்தனர். ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தனர். பரீட்சை தேறிவிட்டதென்று மாஸ் அறிக்கை எழுதினார். சிப்பாய்களை ரெயிலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். மறு வருஷம் ஸ்பெயினோடு யுத்தம் மூண்டது. சைக்கிள் படை என்னும் யோசனை அதோடு மறைந்தது.

ரெயிலில் திருப்பி அனுப்பினார்கள் என்று சொன்னோமல்லவா? வக்கீல் தொழிலில் ஈடுபட்டவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு வழக்கு ஞாபகம் வராமற் போகாது. சிப்பாய்கள் யெல்லோஸ்டோனுக்குச் சைக்கிள் மிதித்த அதே 1896-ம் வருஷத்தில், மே மாதம், அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்பளித்தது. ரெயில் வண்டியில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கும் லூயிஸியானா ராஜ்யத்துச் சட்டம் செல்லும் என்பது அத்தீர்ப்பு. அரசியல் சட்டத்துக்கு நிறம் தெரியாது என்று மாறுபட்டு எழுதியவர் நீதிபதி ஹார்லன் ஒருவரே. துப்பாக்கி ஏந்தி, பாரம் சுமந்து, பனியிலும் மணலிலும் தேசத்தின் பாதியைச் சைக்கிளால் அளக்கலாம்; அதே தேசத்தில் ரெயில் பெட்டியில் விரும்பிய இடத்தில் உட்கார மட்டும் உரிமை கிடையாது. இதுவே அன்றைய சட்டம்.

இனி, அச்சிப்பாய்களுள் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிங்கோ ஸாண்டர்ஸ் என்பது அவர் பெயர். 1881-ல் படையில் சேர்ந்தவர். 1897-ம் வருஷப் பிரயாணத்தில் சிப்பாய்களுக்குத் தலைமை ஸார்ஜெண்டாக இருந்தபோது அவருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. வெடிவிபத்தொன்றினால் ஒரு கண்ணின் பார்வையும் குன்றியிருந்தது. இளைஞர்களுக்குச் சமமாக அவரும் மிதித்தார். பின்னர் கியூபாவில் போர் புரிந்தார். பிலிப்பைன் தீவுகளிலும் போர் புரிந்தார். 1906-ல் 25-வது படையின் ஒரு பிரிவோடு டெக்ஸஸ் ராஜ்யத்து பிரவுன்ஸ்வில் ஊருக்குச் சென்றார்.

அவ்வருஷம் ஆகஸ்டு மாதம் ஒரு நள்ளிரவில் அவ்வூரில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து ஒருவர் இறந்தார். போலீஸ் அதிகாரி ஒருவர் காயமடைந்தார். ஊரார் கறுப்புச் சிப்பாய்கள்மேல் பழி சுமத்தினர். அவ்வேளையில் சிப்பாய்கள் கொட்டடியிலேயே இருந்தார்கள் என்று அவர்களுடைய வெள்ளை அதிகாரிகள் சொன்னார்கள். அவ்விடத்து கிராண்ட் ஜூரி எந்தச் சிப்பாய்மேலும் குற்றச்சாட்டுக் கொண்டுவரவில்லை. இருந்தும், ‘குற்றவாளி யார் என்று இவர்கள் காட்டிக்கொடுக்கவில்லை, ஆகையால் எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள்’ என்பதே நியாயமாகக் கொண்டு, பிரஸிடெண்ட் தியோடோர் ரூஸ்வெல்ட் 167 சிப்பாய்களை ஒரே உத்தரவினால் கௌரவமின்றிப் படையைவிட்டு நீக்கினார். விசாரணை இல்லை; சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய இடமில்லை; அப்பீல் இல்லை. நீக்கப்பட்டவர்களுள் மிங்கோ ஸாண்டர்ஸும் ஒருவர். இருபத்தைந்து வருஷ ஊழியமும், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பென்ஷனும் ஒருங்கே பறிபோயின. மீண்டும் படையில் சேர்த்துக்கொள்ளும்படி அவர் செய்த விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது. 1929-ல் அவர் காலஞ்சென்றார்.

ஒரு குற்றத்தை இன்னார் செய்தார் என்று ருஜுப்பிக்க முடியாதபோது கூட்டத்தையே தண்டிப்பது சர்வாதிகாரத்தின் பழைய வழக்கம். காட்டிக்கொடுக்கத் தெரிந்திருந்தால்தானே காட்டிக்கொடுப்பதற்கு? குற்றமற்றவனுடைய மௌனத்தையும் குற்றவாளியின் மௌனத்தையும் வேறுபடுத்தி அறியத்தான் கோர்ட்டு என்று ஒன்றை மனிதர் ஏற்படுத்தினார்கள். அதைத் தாண்டிச் செல்லும் உத்தரவு எத்தகைய உத்தமரிடமிருந்து வந்தாலும் அது நீதியாகாது. ஜான் வீவர் என்னும் ஆசிரியர் 1970-ல் வெளியிட்ட புத்தகத்தினால் இவ்விஷயம் மீண்டும் கிளம்பி, 1972-ல் ராணுவ இலாகா அந்த நீக்கங்களைக் கௌரவமான விடுதலைகளாக மாற்றிற்று. 66 வருஷம் கழிந்த நீதி! மாற்றப்பட்டதை அனுபவிக்க உயிரோடிருந்தவர்களுள் டார்ஸி வில்லிஸ் என்னும் முதியவர் ஒருவர். அத்தனை வருஷங்களும் அவர் பிறருடைய பூட்ஸைத் துடைத்து ஜீவனம் செய்திருந்தார். பின்னர் அவருக்கு 25,000 டாலர் கொடுக்கப்பட்டது.

இக்கதைக்கு இரண்டு ஆட்சேபங்கள் எழலாம். இச்சிப்பாய்கள் சர்க்காரின் கருவிகள்தாமே என்று தொழிலாளர் பக்கத்து நண்பர்கள் கேட்பார்கள். உண்மையே. 1892-ல் ஐடாஹோ ராஜ்யத்துச் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தை ஒடுக்க இப்படையின் சிப்பாய்களும் அனுப்பப்பட்டார்கள். அதை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் பிறரை ஒடுக்கக் கருவியாக இருந்தவனையும் அதே கை பின்னால் ஒடித்தெறியும் என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டுமோ? இரண்டாவது ஆட்சேபம் விளையாட்டுப் பிரியர்களுடையது. மலைக்காற்று வாங்கச் செல்லும் இடத்துக்கு இந்தப் பழங்கணக்கை ஏன் இழுத்து வருகிறீர்கள் என்பார்கள். நாம் இழுத்து வரவில்லை. அது அந்த மண்ணிலேயே கிடக்கிறது. நாம் ஏறும் பாதையில் முன்னே ஏறியவர் யாரென்று அறிவதனால் காற்றின் தூய்மை குறைந்துவிடாது.

நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுவே. கிராவல் சைக்கிள்காரர்களிடையே கஷ்டத்தைப் பூஜிக்கும் மனப்பான்மை ஒன்று வளர்ந்து வருகிறது. எவ்வளவு கரடுமுரடோ அவ்வளவு பெருமை. எவ்வளவு துன்பமோ அவ்வளவு மேன்மை என்கிறார்கள். தானாக விரும்பி ஏற்ற கஷ்டம் மனிதனைத் திடப்படுத்தும், அதில் ஐயமில்லை. ஆனால் கஷ்டப்பட்டுத் தகுதியை நிரூபித்துவிட்டால் உரிமை தானே வந்து சேரும் என்று நினைப்பது பேதைமை. 25-வது படையார் நிரூபிக்க இன்னும் என்ன பாக்கி இருந்தது? மலையில் நிரூபித்தார்கள், மணலில் நிரூபித்தார்கள், போர்க்களத்தில் நிரூபித்தார்கள். ஒன்பது வருஷம் கழித்து ஒரே காகிதம் அவ்வளவையும் அழித்துவிட்டது. நம் நாட்டாருக்கும் இவ்வனுபவம் புதிதன்று. 1914-ல் தொடங்கிய மகாயுத்தத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து ஊழியம் செய்தனர். 1919-ல் அதற்குக் கிடைத்த சன்மானம் ரௌலட் சட்டம். ஊழியம் நன்றியைச் சம்பாதிக்கலாம், அதுவும் சில சமயங்களில். உரிமையைச் சம்பாதிப்பது, ஆள்வோரையும் கட்டுப்படுத்தும் சட்டமும், அச்சட்டத்தைக் காவல் காக்கும் விழிப்புள்ள ஜனங்களுமே.

ஆகையால் நம் இளைஞர்கள் மலைப்பாதைகளை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். நன்றாக ஏறட்டும். காட்டின் சட்டத்தை மதித்து, யானைக்கும் மானுக்கும் உரிய நேரத்தில் குறுக்கிடாமல், குப்பை போடாமல், வழியில் உள்ள மலைவாசிகளிடம் மரியாதையோடு ஏறட்டும். மலை கற்பிக்கும் சமத்துவத்தை உடம்பில் ஏற்றிக்கொண்டு திரும்பட்டும். ஆனால் கீழே இறங்கியபின் அப்பாடத்தை மறந்துவிடக் கூடாது. மேலே ஏற்றம் எல்லோருக்கும் ஒன்றாயிருக்க, கீழே கோர்ட்டும் கச்சேரியும் பள்ளிக்கூடமும் ரெயில் பெட்டியும் ஒன்றாயில்லையென்றால், ஏறியவன் கண்டுவந்தது வெறும் இயற்கைக் காட்சி மட்டுமே.

2022-ல், முதற் பிரயாணம் நடந்து 125 வருஷம் நிறைந்த சமயத்தில், கறுப்பு இனத்தைச் சேர்ந்த பிரயாணி ஒருவர் மிசூலாவிலிருந்து ஸெயிண்ட் லூயி வரையில் அதே வழியைத் தனியே சைக்கிளில் கடந்தார். யாரும் அவருக்கு உத்தரவிடவில்லை. முதுகில் துப்பாக்கியும் இல்லை. முன்னே சென்றவர்களை நினைத்துச் சென்றார். மலையேறிச் சைக்கிள் விடும் ஒவ்வொருவரும் பின்பற்றத்தக்க முறை அதுவே. அடுத்த முறை காட்டுப் பாதையில் மூச்சு வாங்கி, இறங்கித் தள்ளும்போது, கியர் இல்லாத வண்டியில் அரைப் பார்வையோடு அதே முகட்டை ஏறிய ஸார்ஜெண்ட் ஸாண்டர்ஸை நம் வாசகர்கள் ஒரு கணம் நினைப்பார்களாக. மலை அவரைத் தோற்கடிக்கவில்லை. விசாரணையின்றிப் பிறந்த ஒரு கையெழுத்துத்தான் தோற்கடித்தது. அத்தகைய கையெழுத்து எந்த நாட்டில், யார்மீது விழுந்தாலும், நமக்கென்ன என்று நாம் வாளாவிருக்கலாகாது.